மாரிக்கு முன் பழுக்க வேண்டும்: எங்கள் மண்ணில் முந்திரிகைக் கொடியின் கதை

 

போன வாரம் தரம் 8 பிள்ளைகளுக்கு இப்னு பதூதாவின் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் எப்படியோ பேச்சு எங்கள் வீட்டுப் பந்தலுக்கு வந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், உங்கட வீட்டில காய்க்கிறது யாழ்ப்பாணத்துப் பழமா, எங்கட பழமா?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். நாளை நாளை என்று ஒரு வாரம் போய்விட்டது. பதிலை எழுதத் தொடங்கினால் அது எங்கள் ஊரின் கதையாகவும் நீண்டுவிட்டது. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் பெயர். பாடப் புத்தகத்தில் திராட்சை என்று இருக்கிறது. நம் பெரியவர்கள் சொல்வது முந்திரிகை, முந்திரிகைப் பழம். பழந்தமிழில் கொடிமுந்திரி. தமிழ்நாட்டில் முந்திரி என்றால் நாங்கள் கஜு என்று சொல்லும் கொட்டை. அது பிரேசிலில் இருந்து போர்த்துக்கேயரோடு வந்த மரம். கஜு என்ற சொல்லும் அவர்களுடையதுதான். அதனால் இந்தியாவில் இருந்து வந்த உறவினரிடம் "வீட்டில முந்திரிகை காய்ச்சிருக்கு" என்றால் அவர் அண்ணாந்து மரத்தைத் தேடுவார். நான் இங்கே முந்திரிகை என்றே எழுதுகிறேன்.

இந்தக் கொடியின் பூர்வீகம் எங்கள் பக்கம் அல்ல. கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடுகளும் அவற்றை அண்டிய மேற்காசியாவும்தான் அதன் தாய்வீடு. ஜோர்ஜியா நாட்டில் தோண்டி எடுத்த சுமார் 8000 ஆண்டுப் பழைமையான மட்பாண்டங்களில் அதன் சாற்றின் எச்சத்தைக் கண்டிருக்கிறார்கள். அங்கே பனிக்காலம் உண்டு. கொடி இலையை உதிர்த்து மூன்று நான்கு மாதம் தூங்கும். இளவேனிலில் எழும்பித் துளிர்க்கும், பூக்கும், கோடை முடிவில் பழுக்கும். தூங்கி எழும்புவதுதான் அதன் ஆண்டுக் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

குர்ஆனில் முந்திரிகையும் பேரீச்சையும் பல இடங்களில் சேர்ந்தே வருகின்றன. யாசீன் சூராவின் 34ஆம் வசனத்தை ஓதும்போது உங்களில் பலருக்கு நினைவு வந்திருக்கும். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டுமே பெட்டியிலோ பையிலோ வரும் பொருட்கள். பேரீச்சம்பழம் நோன்புக்கு வரும். முந்திரிகை காய்ந்து 'பிளம்ஸ்' என்ற பெயரில் புரியாணிக்குள் வரும்.

சரி, தெற்காசியாவுக்கு எப்படி வந்தது? ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வட இந்தியாவுக்கும் பிறகு தக்காணத்துக்கும் வந்தது. டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் 1327இல் தலைநகரைத் தெளலதாபாத்துக்கு மாற்றியதைப் படித்திருப்பீர்கள். அந்த மாற்றம் நிலைக்கவில்லை, மக்கள் பட்ட துன்பம்தான் மிச்சம். ஆனால் தக்காணத்தில் முந்திரிகைத் தோட்டம் பரவியதை அந்த மாற்றத்தோடுதான் தொடர்புபடுத்திச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நகரைப் பார்த்த இப்னு பதூதா, அங்கே முந்திரிகையும் மாதுளையும் ஆண்டுக்கு இரண்டு முறை காய்ப்பதாக எழுதி வைத்தார். பனிக்காலம் உள்ள நாடுகளைப் பார்த்து வந்த மனிதருக்கு ஒரே கொடி ஆண்டில் இரண்டு தடவை காய்ப்பது புதினமாக இருந்திருக்கும்.

அதே இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். இறங்கிய இடம் புத்தளம் பக்கம். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. புத்தளம் என்றதும் உங்களில் பாதிப்பேருக்கு மனம் வேறெங்கோ போகும் என்று தெரியும். அதற்கும் வருகிறேன்.

தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை என்று ஒரு கறுப்பு வகை உண்டு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து வைத்த கொடியின் வழிவந்தது என்று சொல்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆண்டு முழுக்க எங்கோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்.

இப்போது எங்கள் மாகாணம். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் நீண்ட காலம் அரசாங்க அதிபராக இருந்தவர் பேர்சிவல் டைக். 1829இல் பதவிக்கு வந்தவர், 1867இல் கோப்பாயில் இறந்தார். அவருடைய நிர்வாகத்தைப் பற்றிப் பல கதைகள் உண்டு. எனக்குப் பிடித்தது அவருடைய முந்திரிகைக் கதை. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனி இல்லை, அதனால் கொடிக்குத் தூக்கம் இல்லை. ஓயாமல் தழைத்துக்கொண்டே இருந்து களைத்துப்போகும், ஒழுங்காகக் காய்க்காது. டைக் என்ன செய்தார் தெரியுமா? கொடியின் அடி மண்ணைத் தோண்டி வேரை வெளியே எடுத்து வெயிலில் காயவிட்டார். வேர் வாடியதும் கொடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. மீண்டும் மண்ணை மூடித் தண்ணீர் விட்டதும் துளிர்த்துக் காய்த்தது. பனி செய்யும் வேலையை வெயிலைக் கொண்டு செய்வித்தார்.

வேரைத் தோண்டும் வேலை இப்போது யாருக்கும் தேவையில்லை. அதே வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது. முதிர்ந்த கிளையில் உள்ள மொட்டுக்குள் அடுத்த போகத்துப் பூங்கொத்து முன்கூட்டியே உருவாகி ஒளிந்திருக்கும். நுனியில் தளிர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த மொட்டு எழும்பாது. சில நாள் தண்ணீரை நிறுத்தி, கிளையை வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டால், கொடி அதைத் தன் பனிக்காலம் என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் கண்டதும் 10, 15 நாளில் மொட்டு வெடிக்கும். ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். வகையைப் பொறுத்து வெட்டிய நாளில் இருந்து 100 முதல் 120 நாளில் பழம். எங்கள் நாட்டில் முந்திரிகையின் பருவத்தைத் தீர்மானிப்பது வெட்டும் நாள்தான். தேதி உங்கள் கையில்.

இந்த வித்தையைக் கையில் எடுத்துப் பெயர் வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள். உரும்பிராய், கோண்டாவில், கோப்பாய், நீர்வேலி என்று வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பந்தல் எழுந்தது. அங்கே கீழே சுண்ணாம்புக் கல், மேலே செம்மண். மழை எவ்வளவு பெய்தாலும் வேரடியில் தண்ணீர் நிற்காது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது மிளகாயும் வெங்காயமும் அந்தத் தோட்டங்களை நிமிர்த்தியது போல, யாழ்ப்பாணத்து முந்திரிகையும் தெற்கே போய்ப் பெயர் எடுத்தது. தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் துறவிகளின் ஆச்சிரமத்தில் நெல்லி ரசத்தோடு முந்திரிகை ரசமும் செய்வார்கள். இன்றும் கண்டி வீதியால் வருகிறவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் இருப்பது 'இஸ்ரேல் புளூ' என்ற கறுப்பு வகை. பெயரைக் கேட்டதும் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் முகம் சுளித்தார். எங்கள் வீட்டில் கறுப்பு முந்திரிகை என்றுதான் சொல்கிறோம்.

அந்தக் காலத்தில் எங்கள் தண்ணீரூற்றிலும் ஒரு கொடி இருந்தது. வாப்பாவுக்குச் சோனகதெருவில் ஒரு கூட்டாளி. யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய ஒருநாள் ஈரச் சாக்கில் சுற்றிய நாலு தடியோடு பஸ்ஸில் வந்திறங்கினார். உம்மா, "விறகுக்கா கொண்டுவந்தீங்க?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. நாலில் இரண்டு பிழைத்தது. கிணற்றடியில் ஒன்று நின்றது. வாப்பா பாலைக் கப்பு நட்டு, மேலே பழைய கம்பியை இழுத்துப் பந்தல் போட்டார். நாங்கள் குளித்த தண்ணீர் முழுக்க அதன் அடிக்குப் போனது. சுபஹுக்குப் பிறகு வாப்பா பந்தலுக்குக் கீழே கதிரையைப் போட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார். எனக்கு அப்போது 11 வயது.

1990 ஒக்டோபர் பிற்பகுதியில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டோம். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவின் ஒரு பகுதி, எல்லா இடத்திலும் சேர்த்து 70,000க்கு மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு அது ஒக்டோபர் 30. அதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் பலர் அந்த நடையை நடந்தவர்கள், அல்லது நடந்தவர்களின் பிள்ளைகள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கிளம்பும்போது வாப்பா வீட்டைப் பூட்டினார். பிறகு கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிக் கொடிக்கு ஊற்றினார். மழை தொடங்கிவிட்ட மாதம் அது. கொடிக்குத் தண்ணீர் தேவையே இல்லை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் ஒரே இரவில் கிளம்பினார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் பிறகு கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்தார்கள். அவர்களுடைய முந்திரிகைத் தோட்டங்களும் அப்படியே கிடந்தன. வேறு பயிர் என்றால் அடுத்த போகம் விதைக்கலாம். முந்திரிகையை ஒரு வருஷம் வெட்டாமல் விட்டாலே காடாகிவிடும். இரண்டு மாரி நோய்க்கு மருந்து இல்லாமல் போனால் கொடியே போய்விடும். வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாகிப்போன செம்மண் காணிகள் பல பத்தாண்டுகளாகத் துண்டு துண்டாகத்தான் திரும்பிக் கிடைக்கின்றன. காணி கிடைத்தவர்கள் முதலில் தேடியது கிணற்றை.

நாங்கள் புத்தளத்தில் 20 வருஷம் இருந்தோம். கிடுகுக் கொட்டில், பிறகு கல்வீடு. கற்பிட்டி மணலில் எங்கள் ஆட்கள் வெங்காயமும் மிளகாயும் செய்தார்கள். வாப்பா அங்கே முருங்கை வைத்தார், பப்பாசி வைத்தார், வாழை வைத்தார். முந்திரிகை வைக்கவில்லை. ஒருநாள் கேட்டேன். "அது நிண்டு வளர்க்கிற சாமான் மகன். நாங்க போற ஆக்கள்" என்றார். 2003இல் அங்கேயே மௌத்தானார்.

2010இல் நான் திரும்பி வந்தேன். வீட்டின் சுவர் பாதி நின்றது. கிணறு இருந்தது. பந்தல் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. முள்ளுப் பற்றையை வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு ஐயா வந்தார். மெனிக் பாமில் இருந்து அவர் வந்தும் சில மாதம்தான் ஆகியிருந்தது. தறப்பாள் கொட்டிலில் இருந்தார். சுகம் விசாரித்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்:

"தம்பி, உங்கட வாப்பான்ர பந்தல் கப்பை நாங்கள்தான் புடுங்கினனாங்கள். பங்கருக்கு மேல போடத் தடி இல்லை. பாலை எண்டபடியால் உறுதியா இருந்தது. பிள்ளையள் உள்ளுக்க இருந்தவை."

நான் என்ன சொல்ல? பிள்ளைகள் தப்பினார்களா என்று கேட்டேன். அந்தத் தடவை தப்பினார்கள் என்றார். பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொடி என்னவானது என்று கேட்டதற்கு, 90களிலேயே அது போய்விட்டது, தடை காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் பசளைக்கும் வழி இல்லாதபோது முந்திரிகைக்கு யார் தண்ணீர் இறைப்பது என்றார்.

2012 பெப்ரவரியில் ஐயாவும் நானும் சேர்ந்தே யாழ்ப்பாணம் போனோம். ஒரு தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த தடிகளில் பன்னிரண்டை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தோம். ஆளுக்கு ஆறு. அவருக்கு ஐந்தும் எனக்கு மூன்றும் வேர் விட்டது. மே மாதம் நிலத்தில் வைத்தோம்.

இனிமேல் வருவது எங்கள் பக்கத்துக்கு உரிய பாடம். நான் பிழை விட்டுப் படித்தது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடவை வெட்டலாம் என்று கேட்டிருந்தேன். கொடி பந்தலேறிக் கிளை முதிர்ந்ததும், 2013 ஜூலைக் கடைசியில் முதல் தடவை வெட்டினேன். அழகாகத் துளிர்த்தது, பூத்தது, குலை தொங்கியது. உம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பழம் நிறம் மாறத் தொடங்கியபோது மாரி பிடித்தது. ஒரு வாரத்தில் மணி எல்லாம் வெடித்தது. இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். நவம்பரில் ஒரு வாளி நிறைய அழுகல் அள்ளிக் குழியில் போட்டேன். மழை எப்போது வரும் என்று தெரிந்த ஊரில் பிறந்தவன், கணக்குப் பார்க்காமல் வெட்டியிருக்கிறேன். ஜூலைக் கடைசியோடு 110 நாளைக் கூட்டினால் நவம்பர் நடுப்பகுதி. தரம் 3 பிள்ளைக்குக் கொடுக்கும் கணக்கு.

கனடாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ரொறன்ரோவில் வீட்டுக்குப் பின்னால் முந்திரிகை வைத்திருக்கிறான். அவனுக்கு மே மாதம் கடைசிப் பனி, ஒக்டோபரில் முதற்பனி. இடையில் உள்ள ஐந்து மாதத்துக்குள் எல்லாம் நடக்க வேண்டும். குளிர் கூடிய இடங்களில் கொடியைப் பந்தலில் இருந்து இறக்கி மண்ணுக்குள் புதைத்து வைப்பார்களாம். அவர்களுக்கு ஒரு வழி திறந்தவர் அமெரிக்காவின் மசாசுசெட்ஸில் இருந்த எப்ரேம் புல் என்ற மனிதர். பனிக்கு முன் பழுக்கும் கொடி வேண்டும் என்று ஆயிரக்கணக்கான விதைக் கன்றுகளை வளர்த்துப் பார்த்து, 1849இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் கொன்கோட் முந்திரிகை. மற்றவர்கள் அதன் கன்றை வளர்த்து விற்றுப் பணக்காரர் ஆனார்கள். அவர் 1895இல் வறுமையில் இறந்தார். தான் விதைத்ததை மற்றவர்கள் அறுத்தார்கள் என்ற கருத்தை அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

மாணவனோடு பேசும்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்களுக்கும் பருவம் குறுகியதுதான். அவனுக்கு வாசலை அடைப்பது பனி, எங்களுக்கு மாரி. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது, ஜனவரியிலும் தூறும். இலை நனைந்திருந்தால் பூஞ்சணம், பூ நனைந்தால் உதிர்வு, பழம் நனைந்தால் வெடிப்பு. தக்காணத்தில் ஒக்டோபரில் வெட்டி மாசி, பங்குனியில் பழம் எடுக்கிறார்கள். அந்த நாட்காட்டியை இங்கே கொண்டுவந்தால் நாசம்.

ஆகவே என் கணக்கு இதுதான். ஜனவரிக் கடைசியில், மழை விட்டதும் முதல் வெட்டு. மே கடைசியில் பழம். இடையில் சித்திரை மழை ஒன்றிரண்டு வரும், அப்போது காய் பச்சையாக இருப்பதால் பெரிய சேதம் இல்லை. பழம் எடுத்ததும் இரண்டு கிழமை ஆறவிட்டு, ஜூன் நடுப்பகுதிக்குள் இரண்டாம் வெட்டு. பழுப்பது சோளகக் காற்றில், செப்டெம்பர் கடைசிக்குள் முடிந்துவிடும். ஜூன் தவறினால் அந்தப் போகத்தை விட்டுவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். மாரியில் கொடி ஓடட்டும், நோயைப் பார்த்துக்கொண்டால் போதும்.

வைக்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

தடி பென்சில் மொத்தத்தில், பழுப்பு நிறத்தில் முதிர்ந்ததாக இருக்க வேண்டும். பச்சைத் தளிர் சரிவராது. நாலு கணு உள்ள துண்டு, அடிப்பக்கம் சரிவாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பொலித்தீன் பையில் வையுங்கள். தலைகீழாக வைத்துவிடாதீர்கள், சென்ற முறை கொண்டுபோன இருவர் அப்படித்தான் வைத்தார்கள்.

இரண்டடி ஆழம், இரண்டடி அகலக் குழி. எங்கள் பக்கம் வலிகாமத்துச் செம்மண் அல்ல. வயல் கரைப் பக்கம் களி மண், மாரியில் தண்ணீர் நிற்கும். அங்கே குழி வெட்டாமல் மேடு கட்டி வையுங்கள். கடற்கரைப் பக்கத்து மணலில் தண்ணீர் நிற்காது, ஆனால் மாட்டெரு நிறைய வேண்டும்.

ஒரே தண்டாகப் பந்தல்வரை ஏற்றி, அங்கே நுனியைக் கிள்ளி இரு பக்கமும் கை விடுங்கள். பந்தல் ஆறரை, ஏழடி உயரம். முழு வெயில் வேண்டும். மாமரத்துக்குக் கீழே வைத்தால் இலைதான் வரும். முதல் பழத்துக்கு ஒன்றரை வருஷம் பொறுக்க வேண்டும்.

பூஞ்சணத்துக்குப் போடோக் கலவை. அதற்கும் ஒரு கதை உண்டு. பிரான்சில் போடோ பக்கத்துத் தோட்டக்காரர்கள் வழிப்போக்கர் பழம் பிடுங்காமல் இருக்க, வீதியோரக் கொடிகளில் துருசும் சுண்ணாம்பும் கலந்து நீல நிறமாகத் தெளித்து வைத்தார்கள். அந்த வரிசை மட்டும் நோயில்லாமல் நின்றதை மில்லார்டே என்ற பேராசிரியர் கண்டார். 1885இல் அதை வெளியிட்டார். கள்ளனுக்குப் பூசிய மருந்து நோயைக் கொன்றது. வீட்டுக்கு 100 கிராம் துருசு, 100 கிராம் சுண்ணாம்பு, 10 லீற்றர் தண்ணீர். இரண்டையும் வேறு வேறு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும். ஓர் இரும்பு ஆணியை உள்ளே வைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. 2021இல் விவசாய இரசாயன இறக்குமதித் தடை வந்தபோது கடைகளில் மருந்து கிடைக்கவில்லை, அந்த மாரியில் ஐயாவின் இரண்டு கொடி செத்தது. நோய் இலைகளைக் கூட்டி எரிப்பதும் பந்தலில் காற்றோட்டம் விடுவதும்தான் அப்போது கைகொடுத்தது.

குரங்கு, கிளி, அணில், வௌவால் நாலுக்கும் ஒரே மருந்து வலை. அல்லது குலைக்குக் கடதாசிப் பை.

2018இல் மே கடைசியில் பழம் வந்தபோது நோன்பு காலம். ஒரு நாள் எங்கள் வீட்டு இப்தாருக்கு ஐயாவின் பந்தலில் இருந்து ஒரு தட்டு வந்தது. எங்கள் பழம் அந்த ஐயா வீட்டுத் திவசத்துக்குப் போயிருக்கிறது. மே மாதத்தில் அந்த வீட்டில் யாருடைய திவசம் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இப்போது பிள்ளை கேட்ட கேள்வி. யாழ்ப்பாணத்துப் பழமா, எங்கட பழமா?

தடி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. அதற்கு முன் எங்கெங்கோ இருந்து வந்தது. ஆனால் இந்த மண்ணில் ஜூனுக்குப் பின் வெட்டக்கூடாது என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வாளி அழுகல் சொன்னது. அடுத்த வீட்டுக்காரருக்கு அதை நான் சொன்னேன், அவர் இன்னும் மூன்று வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த அறிவு எங்களுடையது, ஆகவே பழமும் எங்களுடையது என்று நாளை வகுப்பில் சொல்லப் போகிறேன்.

ஆனால் பெரியவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கு இன்னும் இரண்டு வீடு. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், காணி இங்கே. காணியைத் துப்புரவாக்கி வேலி போட்டுவிட்டுப் போகிறோம், அடுத்த லீவுக்கு வருகிறோம். யாரையும் குறை சொல்லவில்லை, வீடும் தொழிலும் இல்லாமல் எப்படி இருப்பது என்ற கேள்வி நியாயமானது. நானும் மூன்று வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். தென்னையும் தேக்கும் அந்த வாழ்க்கைக்குப் பொருந்தும், நட்டுவிட்டுப் போகலாம். முந்திரிகை பொருந்தாது. கோடையில் ஒரு கிழமை தண்ணீர் தவறினால் குலை சுருங்கிவிடும். வாப்பா சொன்னது சரி, அது நின்று வளர்க்கிற சாமான். அவர் புத்தளத்தில் அதை ஏன் வைக்கவில்லை என்பதும், கிளம்பும் நாளில் ஏன் இரண்டு வாளி ஊற்றினார் என்பதும் எனக்கு இங்கே வந்து கொடி வைத்த பிறகுதான் விளங்கியது. எத்தனை வீட்டில் பந்தல் நிற்கிறது என்று எண்ணினால், எத்தனை குடும்பம் மெய்யாகத் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். போன வருஷம் நான் எண்ணியபோது எங்கள் பக்கத்தில் ஏழு.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, 1990க்கு முன் உங்கள் வளவில் என்னென்ன நின்றது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்த மரம், யார் தந்தது, எந்தப் பக்கம் நின்றது. காணி உறுதி தொலைந்த வீடுகளில்கூட உம்மம்மாமாருக்கு மரங்கள் நினைவிருக்கின்றன. தரம் 8 பிள்ளைகளுக்கு இதை ஒப்படையாகக் கொடுத்திருக்கிறேன், உங்கள் வீட்டுக்கு வந்தால் நேரம் ஒதுக்குங்கள். தமிழ் வீடுகளுக்கும் வருவார்கள், அவர்களுக்கு 2009க்கு முன் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு, இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கொடி வெட்டுகிறேன். ஐயாவும் அன்றைக்கே வெட்டுகிறார். நூறு தடியாவது மிஞ்சும், எரிக்க மனமில்லை. அஸருக்குப் பிறகு வாருங்கள். ஈரச் சாக்குத் துண்டு ஒன்றை மறக்காமல் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் மேல் என்று காட்டித் தருகிறேன்.